ஜெபம் வராத வாரம்

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கவனித்தவர் என் கணவர்தான். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு நின்று பாடிக்கொண்டிருந்தேன். மேல்ஸ்தாயி எப்போதும் என் பங்கு. வீட்டுக்கு வந்ததும், "பாடும்போது ஒன் தொண்டையில உருண்டையா ஏதோ ஏறி எறங்குது. நாளைக்கு லீவு சொல்லிரு, டாக்டர்ட்ட போயிருவோம்" என்றார்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நல்லூருக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. அவர் பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருவதில் ஓட்டையும் கறையும் தேடும் வேலை.

டாக்டர் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒரு வாரம். எப்படியும் கட்டியை எடுத்தாக வேண்டும், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் குரல் மாறக்கூடும் என்றும் சொன்னார்.

அந்த வாரம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் முதல் வரியோடு நின்றுவிடும். அடுத்தவர்கள் நோய்க்காக எத்தனையோ முறை கணீரென்று ஜெபித்தவள் நான். அதையெல்லாம் யாராவது கேட்டார்களா என்ற எண்ணம் வந்தது. கட்டியைவிட அந்த எண்ணம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். அன்று இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு தோழியின் வீட்டில். அவள் இந்த ஊர்க்காரி, என் வயதுதான். "எப்பவும் போல நீங்களே ஆரம்பிச்சு வைங்க" என்றாள். எழுந்து நின்றேன். வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"எனக்கு ஜெபம் வரல. பயமா இருக்கு. ஆண்டவர் கேக்காரான்னே சந்தேகமா இருக்கு."

யாராவது ஒரு வசனம் சொல்லித் தேற்றுவார்கள், அதற்குத் தலையாட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்காரத் தோழிதான் பேசினாள்.

"எம்பட பையன் பைக்குல உளுந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப, ஆறு மாசம் நானும் ஜெபம் பண்ணலீங்க. சர்ச்சுக்கு வருவேன், பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பேன். உங்களுக்கெல்லாம் தெரியாதுங்க."

"அப்புறம் எப்படித் திரும்ப ஜெபம் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"எந்த நாள்னு சொல்லத் தெரியலீங்க. நீங்க எல்லாரும் பாடறதக் கேட்டுட்டே நின்னேன். இன்னைக்கு நாங்க ஜெபம் பண்றோம். நீங்க சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஐந்து பெண்கள் எனக்காக ஜெபித்தார்கள். நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் நினைவுக்கு வந்தான். விசுவாசம் இருக்கிறது என்றும், இல்லாததற்கு உதவி வேண்டும் என்றும் ஒரே மூச்சில் கேட்டவன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவனைப் பலவீனமானவன் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று அவன் உண்மையைச் சொன்னவனாகத் தெரிந்தான். அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை சுகமானான்.

பயம் போகவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கும் அப்பிடித்தான் இருக்கு" என்றார். இருவரும் நன்றாகத் தூங்கினோம்.

புற்று இல்லை என்று முடிவு வந்தது. ஆபரேஷனுக்கு அந்தப் பெண்கள் முறை வைத்து லீவு போட்டுக்கொண்டு துணைக்கு வந்தார்கள். தோழி அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய வேகவைத்துக் கொண்டுவந்து பொறுமையாக ஊட்டினாள்.

குரல் திரும்பி வந்தபோது தாழ்ந்து, சற்றுக் கரகரப்பாக இருந்தது. இப்போது பாடகர் குழுவில் கீழ்ஸ்தாயி வரிசையில் நிற்கிறேன். பக்கத்துக் குரல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அங்கே பாட முடியும். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சந்தேகம் இன்றும் எப்போதாவது வருகிறது, பெரும்பாலும் கம்பெனி வேனில் போகும்போது. வந்தால் வந்திருக்கிறது என்று ஆண்டவரிடமே சொல்லிவிடுகிறேன். பிறகு பக்கத்து சீட்டுக்காரியோடு பேச ஆரம்பித்துவிடுகிறேன்.