கூடை நிறைந்தவரை அக்காவுக்குப் பைத்தியம் இல்லை

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. இலங்கை மலையகத்தில், கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்று எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். நாங்கள் அங்கே பிறந்தோம், அங்கே உழைத்தோம், அவ்வளவுதான். தோட்டத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே இருக்காது.

என் அக்காவைப் பைத்தியம் என்று முடிவு செய்து தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். எப்படி முடிவு செய்தார்கள் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அக்காவும் நானும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தோம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு ஆகி, தவழ ஆரம்பித்த ஒரு பெண் குழந்தையும் இருந்தது. விடிகிற நேரத்தில் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் தாய்மார் பெரட்டுக்கு ஓட வேண்டும். பெரட்டில்தான் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புவார்கள். பிள்ளைக் காம்பரா என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீள அறை, வரிசையாகத் துணித் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா, தலைக்கு மேலே துருப்பிடித்த தகரம். மழைக்காலத்தில் தொட்டிலை எங்கே மாற்றிக் கட்டினாலும் சொட்டும்.

அப்படி ஒரு மழையில் அக்காவின் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. ஆயா மலைக்குச் சொல்லி அனுப்பினாள். அக்கா கூடையைக் கழற்றப் போனாள். எங்கள் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை விடவில்லை.

"இப்ப எறங்கினா நாளைக்குப் பெரட்டுப் பக்கம் வந்துறாத. கொழுந்த நிறுத்துட்டுப் போ" என்றார்.

மத்தியானக் கொழுந்தைத் தராசில் போட்டுவிட்டு அக்கா இறங்கி ஓடினாள். குழந்தையின் உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். மூச்சு இல்லை.

காரியம் முடிந்ததும் அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் தொடங்கியது. சாயங்காலம் வேலை விட்டதும் மற்றத் தாய்மாரோடு அவளும் பிள்ளைக் காம்பராவுக்குப் போவாள். குழந்தையைச் சுற்றி எடுத்து வந்த சிவப்புத் துணி கையில் இருக்கும். ஆயா எல்லாருக்கும் பிள்ளைகளை எடுத்துக் கொடுத்து முடிக்கும்வரை காத்திருப்பாள். பிறகு வெறும் துணியைத் தோளில் போட்டு, ஒரு கையால் அணைத்தபடி நாங்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் லயத்துக்கு வருவாள். வழியெல்லாம் மெல்லப் பேசிக்கொண்டு வருவாள். கொழுந்து எடுக்கும்போதும் அதே பேச்சுத்தான்.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரக்கத்தால் என்று நான் கொஞ்ச நாள் நம்பினேன். கணக்கப்பிள்ளைதான் எனக்கு விளக்கம் கொடுத்தார். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கொழுந்து கிள்ளும் அக்காவைக் காட்டி மற்றப் பெண்களிடம், "வாய் எங்க போனா என்ன, கை ஓடுதுல்ல? அவளப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். எங்கள் மலையில் அக்காவின் கூடைதான் முதலில் நிறையும். நிறைகிற கூடைக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

சம்பளத்தன்று குடித்துவிட்டுத் தேயிலைச் செடியோடு சண்டை போடுகிறவனை "சந்தோஷமா இருக்கான்" என்போம். மாரியம்மன் திருவிழாவில் தலைவிரித்து ஆடுகிறவளின் காலில் விழுந்து திருநீறு வாங்குவோம். மறுநாள் காலையில் இரண்டு பேரும் பெரட்டில் நிற்பார்கள். அதனால் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

அடுத்த மழைக்காலமும் வந்தது. தகரம் அப்படியேதான் இருந்தது. ஆயா சொல்லிப் பார்த்தாள், தாய்மார் சொல்லிப் பார்த்தார்கள். ஆபீஸில் பார்க்கலாம் என்றார்கள்.

ஒருநாள் விடிகாலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பெண்களோடு நானும் நடந்து போனேன். பிள்ளைக் காம்பராவின் வாசலில் அக்கா குறுக்கே உட்கார்ந்திருந்தாள். சிவப்புத் துணி மடியில் மடித்து இருந்தது. தலையில் போட்ட கம்பளி நனைந்து தண்ணீர் வடிந்தது.

"யாரும் புள்ளைய உள்ள விடாதீங்க. தகரத்த மாத்தட்டும். அப்புறம் விடுங்க" என்றாள். சத்தமே போடவில்லை.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடுப்பில் பிள்ளையோடு மலைக்குப் போக முடியாது. ஒருத்தி திரும்பி லயத்துக்கு நடந்தாள். பின்னால் இன்னொருத்தி போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் அக்காவும் நானும் ஆயாவும்தான் மிச்சம்.

கணக்கப்பிள்ளை குடையோடு ஓடி வந்தார். "எந்திரி. பேரு போடணும்" என்று கத்தினார். பேர் போட்டால்தான் அன்றைய வேலை கணக்கில் ஏறும்.

"போட்டுக்கங்க. புள்ளைங்க உள்ள போகாது" என்றாள் அக்கா.

அன்றைக்கு எங்கள் மலையில் கொழுந்து எடுக்க ஆள் பத்தவில்லை. தோட்டத்தை நடத்தும் தொரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை நெற்றியில் தட்டிக் காட்டினார். "இதுக்கு ரொம்ப நாளா மண்ட சரியில்லைங்க தொரை. வெறுந்துணியத் தூக்கிக்கிட்டு அலையும். தானாப் பேசும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரொம்ப நாளாக அவருக்குத் தெரிந்திருந்ததாம். அந்த ரொம்ப நாளும் அவள் எடுத்த கொழுந்தைத் தராசில் வாங்கிப் போட்டவர் அவர்தான்.

மறுநாள் டவுனிலிருந்து டொக்டரை வரவழைத்தார்கள். தோட்டத்து மருந்தகத்தில் அக்காவை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். துணைக்கு என்று என்னை உள்ளே விட்டார்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், அவர்தான் கேள்விகளைத் தமிழில் சொன்னார். அங்கே கூரை ஒழுகவில்லை என்பதை நான் கவனித்தேன்.

"இண்டைக்கு என்ன திகதி எண்டு டொக்டர் கேக்கிறார்" என்றார் ஐயா.

அக்கா யோசித்தாள். "அரிசி போட்ட மறுநாளுங்க" என்றாள்.

தோட்டத்தில் நாங்கள் எல்லாரும் நாளை அப்படித்தான் சொல்வோம். அரிசி போட்ட நாள், சம்பளம் போட்ட நாள். லயத்தில் யார் வீட்டிலும் கலண்டர் கிடையாது. ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். டொக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்.

"நீர் எந்த நாடு?"

"நாடு இல்லைங்க."

"அப்பிடிச் சொல்லக்கூடாது. எல்லாருக்கும் ஒரு நாடு இருக்கும்தானே."

"எங்களுக்கு இல்லைங்க. எழுதிப் போட்டுக் கேட்டோம். இல்லன்னு சொல்லிட்டாங்க."

அது சத்தியமான வார்த்தை. குடியுரிமைக்கு விண்ணப்பித்து, அப்பா இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி இல்லாததால் எங்கள் குடும்பத்துக்கு இல்லை என்று வந்துவிட்டது. இந்தியாவும் எங்களைத் தன்னுடையவர்கள் என்று சொல்லவில்லை. இதெல்லாம் டிஸ்பென்சர் ஐயாவுக்கு நன்றாகத் தெரியும். லயத்தில் பாதிப்பேருக்கு அந்தத் தாளை வாசித்துச் சொன்னவரே அவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் அக்காவின் பதிலை மட்டும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். தனக்கு ஒரு நாடு இல்லை என்று சொல்லும் ஒரு பெண்ணை டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

"அவ சொல்றது நெசந்தானுங்க" என்றேன் நான்.

"நீர் பேசாம நில்லும்" என்றார் ஐயா. டொக்டர் என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சியாகிவிட்டது.

"இந்த நாட்டை ஆர் ஆளுறது?"

"தொரைங்க."

எங்கள் மண்ணில் வேறு யார் ஆண்டார்கள்? அவள் பொய் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் டொக்டர் குழந்தையைப் பற்றிக் கேட்டார். ராத்திரி தூங்குது என்றோ காம்பராவில் இருக்குது என்றோ சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அக்கா டிஸ்பென்சர் ஐயாவை நேராகப் பார்த்தாள்.

"செத்துப் போச்சுங்க. ஒங்களுக்குத் தெரியுமே. நீங்கதானே வந்து பாத்தீங்க."

"பிறகேன் ஒவ்வொரு நாளும் துணியோட அங்க போறீர்?"

"வேலை விட்டா எல்லாரும் அங்கதான் போறாங்க. எனக்கு மட்டும் வேற எங்கங்க போறது?"

இதை ஐயா மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அவர் குரல் இறங்கிவிட்டது. அந்த மனுஷனுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனாலும் டொக்டரின் பேனா நிற்கவில்லை. வாசலில் ஏன் உட்கார்ந்தாய் என்று மட்டும் அந்த அறையில் ஒருவரும் கேட்கவே இல்லை.

மச்சானிடம், அக்காவின் புருஷனிடம், அவளைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சம்மதம் என்று கைநாட்டு வாங்கினார்கள். நாட்டவில்லை என்றால் லயத்தில் குடியிருக்கும் அறையைக் காலி பண்ண வேண்டிவரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் நாட்டிவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். நான் அவரோடு பேசவில்லை. அக்காவைக் கொழுந்து லொறியில் முன்பக்கம் உட்கார வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து கொழும்புப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அக்கா சண்டை போடவில்லை. லொறி கிளம்பும்போது, "ஆயாகிட்ட அந்த மூலைத் தொட்டில மட்டும் அவுக்கச் சொல்லு. அங்கதான் ரொம்ப ஒழுகுது" என்றாள்.

அவள் போன பிறகு பிள்ளைக் காம்பராவுக்குப் புதுத் தகரம் போட்டார்கள். கேட்கிறதுக்கு ஆள் இருக்கும்போது மாற்றினால் கேட்டதால் மாற்றியது மாதிரி ஆகிவிடும் அல்லவா? தொரை நல்லவர் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எத்தனையோ வருஷம் கழித்து என் மகள் வாத்தியார் வேலைக்குப் படிக்கும்போது ஒரு உளவியல் புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். மனநோய் என்று எதைச் சொல்வது என்பதற்கே ஒரு பாடம் இருந்தது. நாலு பேர் நடக்கிற மாதிரி நடக்காமல் இருப்பது, மனசுக்குள் வேதனைப்படுவது, அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போவது, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பது. இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, அந்த மனுஷர் வாழும் சூழலையும் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. நல்ல புத்தகம்தான். அக்கா வேதனைப்பட்ட காலமெல்லாம் நாங்கள் யாரும் டொக்டரைக் கூப்பிடவில்லை. கொழுந்து நின்ற மறுநாளே கூப்பிட்டார்கள். வாசித்தது போதும் என்று மகளிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அக்கா திரும்பி வந்ததை இன்னும் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து, குணமாகிவிட்டது என்று அனுப்பி வைத்தார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அங்கே அவள் இருந்த பக்கத்தில் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லையாம். பேசிப் பேசிப் பார்த்துவிட்டுப் பேச்சையே விட்டிருக்கிறாள். தானாகப் பேசுவதும் நின்றுபோயிருந்தது. பெரட்டுக்கு வந்தாள், கொழுந்து எடுத்தாள், சாயங்காலம் நேராக லயத்துக்கு நடந்தாள். சிவப்புத் துணி எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை, நானும் அதைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. "இப்பப் பாருங்க, எவ்வளவு நல்லா ஆயிட்டா" என்று கணக்கப்பிள்ளை எல்லாரிடமும் சொன்னார். அவர் மனதாரத்தான் சொன்னார்.

வந்த வருஷத்து மழையில் ஒருநாள் சாயங்காலம் நானும் அவளும் பிள்ளைக் காம்பராவைத் தாண்டி வந்தோம். புதுத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா நின்றாள். வந்ததிலிருந்து அவளாக வாய் திறந்து கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"இன்னும் ஒழுகுதா?"

"இல்லக்கா" என்றேன்.

தலையாட்டிவிட்டு நடந்தாள். இன்றைக்கும் யாராவது ஒருவரைக் காட்டி அவருக்குப் புத்தி சரியில்லை என்று யார் சொன்னாலும், அவரால் யாருடைய வேலை நின்றுபோனது என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.