பேத்திக்குக் கொடுத்த அரை மாத்திரை

கொரோனா முடிந்து பள்ளிகள் மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த சமயம். ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டில், ஏரியைப் பார்த்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நான், மகன், மருமகள், பேத்தி என நால்வரும் இருந்தோம். பேத்திக்கு அப்போது ஆறு வயது. மகனுக்கும் மருமகளுக்கும் ஐ.டி. வேலை. நான் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். யார் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பாகமாக இருந்தாலும் நானே ஒருமுறை அளந்து பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. அந்தக் குணம் வேலையோடு போயிருக்கலாம். போகவில்லை.

அதற்கு முந்தைய வருடம் பேத்திக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கண்ணும் நாக்கும் சிவந்து, விரல் நுனியில் தோல் உரிந்தது. ஏதோ வைரஸ் என்றுதான் நினைத்தோம். அது போகும்போது, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் வீக்கத்தை வைத்துவிட்டுப் போயிற்று. வீங்கிய இடத்தில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று அவளுக்குத் தினமும் மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள்.

எனக்கும் அதே மருந்துதான், அளவும் நிறமும் மட்டும் வேறு. என் இதயம் தாளம் தப்பித் துடிக்கிற இதயம். ஆகவே விளக்கு வைக்கிற நேரத்தில் தாத்தாவும் பேத்தியும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரோடு சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். டம்ளரோடு டம்ளரை இடித்து "சியர்ஸ் தாத்தா" என்பாள். இருவரும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும், முந்திக்கொண்டால் சண்டை. கீரை அதிகமாகச் சாப்பிட்டால் இந்த மருந்தின் வேலை குறைந்துவிடும் என்பதால், என் தட்டையும் அவளே கவனிப்பாள். "தாத்தா, உனக்கு ஒரு கரண்டிதான். டாக்டர் சொல்லியிருக்காரு" என்று விரலை ஆட்டுவாள். மனைவி போன பிறகு என் தட்டைக் கவனித்த ஒரே ஜீவன் அவள்தான்.

வீக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். ரத்தம் உறையாத நிலையில் அதைச் செய்ய முடியாது. அதனால் சில நாட்களுக்கு முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டு, அந்த இடைவெளியில் ரத்தம் கட்டாமல் இருக்கக் காலையும் மாலையும் வயிற்றுத் தோலில் ஒரு ஊசி போட வேண்டும். அந்த ஊசியின் வேலை சில மணி நேரத்தில் அடங்கிவிடும், மாத்திரையின் வேலை அடங்கப் பல நாள் ஆகும், அதனால்தான் இந்த மாற்றம் என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார். மருமகள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில் மருமகள் குழந்தையைத் தயார் செய்த விதத்தை இன்றைக்கு நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஒரு துணிப் பொம்மையை எடுத்து, அதன் தொடையில் புள்ளி வைத்து, நூலைக் காட்டி, இந்த வழியாகத்தான் குழாய் போகும் என்றாள். படம் எடுத்த பிறகு காலை மடக்காமல் பல மணி நேரம் படுத்திருக்க வேண்டும் என்பதால், சோபாவில் படுக்கவைத்து 'சிலை விளையாட்டு' விளையாடினாள். முட்டி மடங்கினால் அவுட். ஊசி போடுவதற்கு முன், "வலிக்கும் கண்ணு. அம்மா பத்து எண்ணி முடிக்கறதுக்குள்ள போயிடும்" என்பாள். குழந்தை அழுவாள், ஆனால் கையைத் தட்டிவிட மாட்டாள்.

எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"ஏம்மா, பச்சைக் குழந்தைகிட்ட இதையெல்லாம் சொல்லணுமா? போட்டோ எடுக்கப் போறோம்னு கூட்டிட்டுப் போனா ஆச்சு."

"வேணாம் மாமா. அங்க போய்த் தெரிஞ்சுக்கிட்டான்னா, அப்புறம் நான் எது சொன்னாலும் நம்பமாட்டா."

நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

உண்மையில் எனக்கு இருந்தது பயம். சில வருடங்களுக்கு முன் பல் பிடுங்குவதற்காக எனக்கு இதே மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் ஒருநாள் காலை, காபி குடித்துக்கொண்டிருந்தபோது வாயோரமாகக் காபி வழிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன், நாக்கு புரளவில்லை. மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டது என்றார்கள்; சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது என்றாலும், அந்த ஒரு பகல் என் உடம்பை விட்டுப் போகவில்லை. மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அந்த டாக்டரைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்கு அன்று ஊசி எதுவும் போடப்படவில்லை, இவளுக்குப் போடுகிறார்கள் என்ற வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை. படித்தவன்தான். யோசிக்க விரும்பவில்லை.

மாத்திரை நிறுத்திய முதல் சாயங்காலம், பழக்கத்தில் பேத்தி டம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "எனக்கு இல்லல்ல தாத்தா?" என்று கேட்டுவிட்டு, வெறும் டம்ளரால் என் டம்ளரை இடித்தாள். மருமகள் அறைக்குள் அலுவலக மீட்டிங்கில் இருந்தாள். பேத்தியின் மருந்தை மருமகள் எடுத்து உள்ளே வைத்துவிட்டிருந்தாள். நான் என்னுடையதில் ஒன்றை எடுத்து, இரண்டாக உடைத்து, பாதியை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னோட கலர் இல்லையே. அம்மா நிறுத்தியாச்சுன்னு சொன்னாங்களே."

"இது தாத்தாவோடது. உனக்கு பலத்துக்கு. அம்மாகிட்ட சொல்லக் கூடாது, சரியா?"

"சீக்ரெட்டா?"

"ஆமா, சீக்ரெட்."

அவளுக்கு ஒரே சந்தோஷம். அன்று மட்டுமல்ல, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் வரை ஒவ்வொரு சாயங்காலமும் கொடுத்தேன். ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம்கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. குழந்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் தூங்கினேன்.

ஆஞ்சியோ நாளன்று காலை காரில் கிளம்பினோம். மகன் ஓட்டினான். நான் முன்னால், மருமகளும் குழந்தையும் பின்னால். குமணன்சாவடி சந்திப்பில் வழக்கம்போல வண்டிகள் நகராமல் நின்றன. பின்னாலிருந்து, "அம்மா, மூக்குல ஏதோ ஒழுகுது" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய மஞ்சள் கவுன் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

மருமகள் பதறாமல் அவளைக் குனிய வைத்து மூக்கைப் பிடித்தாள். ரத்தம் நிற்கவில்லை. மகன் வண்டியை ஓரம் கட்ட முயல, பின்னால் ஒரே ஹாரன். சாலையோரம் ஜூஸ் கடை வைத்திருந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு, ஓடி வந்து நடுரோட்டில் நின்றார்.

"யோவ் ஆட்டோ! கண்ணு தெர்ல? கொயந்தைக்கு ரத்தம் ஊத்திகினு கீது, நீ ஹாரன் அட்சிகினு கீறியே! பின்னால போய்யா!"

ஆட்டோ பின்னால் போனது. அதன் பின்னால் இருந்த பேருந்தும் நின்றது. அவர் கடையிலிருந்து ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து மருமகளிடம் கொடுத்தார். பிறகு குழந்தையைப் பார்த்து, "இன்னாம்மா கண்ணு, மூக்குல தர்பூஸ் ஜூஸ் போட்டுகினு கீற? என் கடைல கூட இம்மாம் செவப்பு கெடையாது. எனக்கே போட்டியா?" என்றார்.

அவ்வளவு ரத்தத்துக்கு நடுவிலும் பேத்தி சிரித்துவிட்டாள்.

"ஒரு கிளாஸ் ஜூஸ் குடிக்கிறியா?"

"எனக்கு இன்னிக்கு ஆஞ்சியோ ஆன்ட்டி. ஒண்ணும் சாப்பிடக் கூடாது. தொடைல நூல் மாதிரி டியூப் விட்டு ஹார்ட்டைப் படம் எடுப்பாங்க. அப்புறம் நான் சிலை மாதிரி படுத்துக்கணும்" என்று மூக்கைப் பிடித்த குரலிலேயே பெருமையாகச் சொன்னாள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "கொயந்தையே தைரியமா கீது. நீ இன்னாத்துக்கு நைனா இப்டி நடுங்குற?" என்றார்.

நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஏன் நடுங்குகிறேன் என்று அந்தக் காரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ரத்தம் நின்றது, வண்டி நகர்ந்தது, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரின் முகம் மாறியது. மாத்திரையே நிறுத்தாத ஆளுக்கு இருப்பதைப் போல ரத்தத்தில் மருந்தின் அளவு இருக்கிறது, இந்த நிலையில் குழாய் விட்டால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடாகிவிடும் என்றார்.

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா, இல்லையாம்மா?"

"நீங்க சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டேன் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மறந்துபோய்க் கொடுத்திருந்தா பரவாயில்ல. தெரிஞ்சா போதும்."

"இல்ல சார்."

மகன் அவளைப் பார்த்து, "மீட்டிங் மீட்டிங்னு ஓடிட்டு எதையாவது மாத்திக் கொடுத்துட்டியா?" என்றான். அவள் கண்கள் நிறைந்தன. அவளுக்கே தன் மீது சந்தேகம் வந்துவிட்டதை நான் பார்த்தேன். ஒரு வாரமாகத் தூங்காமல், ஒவ்வொரு ஊசிக்கும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்ட பெண், தான்தான் தவறு செய்துவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் குழந்தையின் பக்கம் குனிந்தார். "பாப்பா, நீ சொல்லு. இந்த வாரம் மாத்திரை ஏதாவது சாப்பிட்டியா?"

பேத்தி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்து, "இல்லையே" என்றாள்.

அப்படியென்றால் கல்லீரலில் ஏதாவது கோளாறு இருக்கலாம், வேறு சில சோதனைகள் பார்த்துவிடலாம் என்று டாக்டர் நர்ஸை அழைத்தார். நர்ஸ் மறுபடி ஊசியோடு வந்தார். முதலில் குத்திய கை வீங்கியிருந்ததால் மற்றக் கையைக் கேட்டார். பேத்தி மறுபேச்சில்லாமல் நீட்டினாள். எனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற, இன்னொரு கையையும் நீட்டினாள்.

"வேண்டாம்" என்று நான் எழுந்தேன். "நான்தான் கொடுத்தேன். என்னோட மாத்திரையில பாதி. தினமும்."

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எந்த மாத்திரை, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று டாக்டர் கேட்டார், நான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே. ஊசியும் மாத்திரையும் சேர்ந்து போயிருக்கு. ரத்தம் மூக்கோட நின்னுச்சு. தலைக்குள்ள கசிஞ்சிருந்தா?" என்றார்.

வெளியே வராந்தாவில் மருமகளிடம் கைகூப்பினேன். அவள் என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க பயந்துட்டீங்க. அது எனக்குப் புரியுது மாமா. ஆனா அவ இதுவரைக்கும் பொய் சொன்னதே இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஊசியையும் நிறுத்திவிட்டு, மருந்தின் அளவு இறங்கும் வரை குழந்தையை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். தினமும் ரத்தம் எடுத்தார்கள். அளவு இறங்கியதும் மறுபடி வயிற்றில் ஊசி, மறுபடி பட்டினி. கடைசியில் ஆஞ்சியோ நல்லபடியாக நடந்தது. வீக்கம் முன்பைவிடக் குறைந்திருந்தது. அவள் காலை மடக்காமல் சிலையாகப் படுத்திருந்தாள் என்று நர்ஸ்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். யாரும் என்னை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் கால் வரவில்லை.

அதன் பிறகும் வீட்டில் எல்லோரும் என்னோடு நன்றாகவே பேசினார்கள். மருந்து விஷயத்தில் மட்டும் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு வருடங்களுக்குள் மகனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. "நீங்களும் வாங்கப்பா" என்று மனதாரக் கூப்பிட்டான். என் உடம்பு அந்தக் குளிருக்கு ஆகாது என்று நான் இங்கேயே இருந்துவிட்டேன். இப்போது ஏரிக்கரையில் நடைபயிற்சிக்கு வரும் குழந்தைகளில் அவள் உயரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறேன். அவள் இப்போது எவ்வளவு உயரம் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. கைபேசியில் தோள் வரைதான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். பள்ளி, பனி, புதுச் சைக்கிள் என்று நிறையப் பேசுவாள். போன மாதம் பேசும்போது தலைமுடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள்; முழங்கையில் கன்றிப்போய் நீலமாக இருந்தது. என்ன கண்ணு அது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தாத்தா, வலிக்கவே இல்ல" என்று சிரித்தபடி கையைத் திரைக்கு வெளியே இழுத்துக்கொண்டாள். உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று எப்போது கேட்டாலும் "சூப்பரா இருக்கேன் தாத்தா" என்றுதான் பதில். மருமகளிடம் அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள், அழுகிறாள், அடம்பிடிக்கிறாள் என்று மகன் சொல்கிறான். என்னிடம் மட்டும் எப்போதும் நன்றாக இருக்கிறாள். அவள் சொல்வது உண்மையா, அல்லது பயந்த கிழவனைக் காப்பாற்றச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை, ஏனென்றால் அவளுக்கு மறைக்கப் பழக்கியவன் நான்தான். "வலிக்குது தாத்தா" என்று ஒரே ஒரு முறை அவள் என்னிடம் சொல்ல மாட்டாளா என்ற ஏக்கத்தோடுதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கைபேசியை எடுக்கிறேன்.