மூன்று மாரிகளின் காற்று

கிண்ணத்தை முகத்தருகே கொண்டுவருமுன் சிசிலியா இடது நாசியை விரலால் அடைத்துக்கொள்வார். வலது நாசியால் நீண்ட மூச்சு ஒன்று. பின்னர் விரல் மாறும். இடது நாசியால் குறுகிய மூச்சு இரண்டு. கண்கள் மூடியிருக்கும். அதற்குப் பிறகுதான் ஒரு மிடறு. அதையும் உடனே விழுங்கிவிட மாட்டார். நாவின் இரு ஓரங்களிலும் உருளவிட்டு, கன்னங்கள் உட்குழிய அசையாமல் நிற்பார். எதிரே சாய்நாற்காலியில் இருக்கும் குணரத்தினம் ஐயா, பரீட்சை முடிவு கேட்க வந்தவரைப் போல நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துவிடுவார்.

"சொல்லும் பிள்ளை."

"அப்பிள் தோல். சீவினவுடனை இல்லை, சீவிக் கொஞ்ச நேரம் கிடந்தது."

"ம்."

"பிறகு இரும்பு. கிணத்துக் கப்பி மாதிரி. அதுக்குக் கீழை... மழையிலை நனைஞ்ச கழுதை."

ஐயா தொடையில் தட்டிச் சிரிப்பார். "பெல்ஜியத்தான் அதைக் குதிரைப் போர்வை எண்டுவான். மன்னார்ச் சனத்துக்குக் கழுதைதான்."

"குதிரையை ஆர் கண்டது? எங்கடை றோட்டு முழுக்கக் கழுதைதானே."

சிசிலியாவுக்கு நாற்பத்தாறு வயது. மன்னார்ப் பேசாலையில் பிறந்தவர். கணவர் பற்றிக்குடனும் மகள் ஜனுஷாவுடனும் புலம்பெயர்ந்து வந்து, மனுரேவா என்னும் புறநகரில் வாடகை வீடு ஒன்றில் இருக்கிறார். திங்கள், புதன், வெள்ளிகளில் அதே நகரின் ஒனிஹங்காவுக்கு வந்து, தனியாக வாழும் குணரத்தினம் ஐயாவுக்குச் சமைத்துவைத்து, துணி தோய்த்து, மருந்துகளை எடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். ஞாயிற்றுக்கிழமை வருகை தொழிலில் சேராது. அன்றைக்கு அவர் ஐயாவின் மூக்காக இருக்க வருகிறார்.

ஐயா காரைநகர்க்காரர். முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் பொறியியலாளராக இருந்தவர். கப்பல் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகத்தைத் தொடும்போதெல்லாம், மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போக, அவர் பஸ் ஏறி நாட்டுப்புறத்துக்குப் போய் அவ்வூரின் புளித்த பியரை வாங்கிவருவார். ஓய்வுபெற்றதும் ஒனிஹங்காவில் இந்த மரவீட்டை வாங்கியதற்குக் காரணமே, எரிமலையின் கறுத்த கல்லைக் குடைந்து வீட்டின் அடியில் அமைத்திருந்த குளிர்ந்த நிலவறைதான். நூற்றெண்பது போத்தல்களை அதில் படுக்கவைத்தார். 1993ஆம் ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டை அடிபட்டது. காயம் ஆறிற்று, மோப்பம் போய்விட்டது. அடுப்பில் சட்டி கருகி வீடெல்லாம் புகை சூழ்ந்திருக்க, அவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்ததைச் சிசிலியாவே ஒருமுறை கண்டிருக்கிறார். புளிப்பு மட்டும் அவருடைய நாவின் ஓரத்தில், தொலைவில் யாரோ ஊசியால் குத்துவதைப் போல உறைக்குமாம். மற்றவற்றை எல்லாம் பிறர் சொல்லித்தான் அவர் அறியவேண்டும்.

சிசிலியா அதுவரையில் மதுவைத் தொட்டதில்லை. வேலைக்கு வந்த முதல் மாதத்தில் ஐயா கிண்ணத்தை நீட்டியபோது பின்வாங்கினார்.

"பூசையிலை வைன் குடிக்கிற சனம். இதுக்கு மட்டும் என்ன வெட்கம்?" என்று ஐயா சீண்டினார்.

"அது வைன் இல்லை ஐயா, ஆண்டவரின்ரை இரத்தம். தெரியாமல் கதையாதையுங்கோ."

"சரி, இதுவும் பியர் இல்லை. கெட்டுப்போன பியர். கெட்டுப்போட்டுதோ எண்டு மோந்து பாக்கிறது பாவமோ?"

கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தவர், பழைய ஆர்மோனியத்தின் உட்புறம்போல மணக்கிறது என்றார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் சொல்லும்," என்றார். அந்தக் குரலில் இருந்த பசியைக் கேட்ட பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட மூக்கு சிசிலியாவுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. பால் திரிவதற்கு முதல்நாளே அவருக்குத் தெரிந்துவிடும். பண்டகசாலையில் வேலை செய்யும் பற்றிக் அன்றைக்கு எந்தப் பெட்டிகளை இறக்கினார் என்பதை அவருடைய சட்டையை மோந்தே சொல்லிவிடுவார். காய்ச்சல் வருமுன்னரே மகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் மறித்துவிடுவார். "மம், தட்ஸ் க்றீப்பி," என்பாள் ஜனுஷா. "க்றீப்பியோ, கிறுக்கோ, போய்ப் படு," என்பார் சிசிலியா.

லாம்பிக் என்னும் அந்தப் பியரைப் புளிக்கவைக்க யாரும் நொதியம் இடுவதில்லை. குளிர்மிகுந்த மாரிகாலத்தில், கொதித்த தானியச் சாற்றைக் கூரையின் கீழே அகன்ற செப்புத் தொட்டியில் ஊற்றி, சன்னல்களைத் திறந்துவிட்டு ஓர் இரவு முழுவதும் ஆறவிடுவார்கள். அந்த இரவின் காற்றில் என்ன மிதக்கிறதோ அது சாற்றில் இறங்கி நுரைக்கத் தொடங்கும். பிறகு மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். ஒரு வயதானது, இரண்டு வயதானது, மூன்று வயதானது என மூன்று மாரிகளின் சாற்றையும் ஒன்றாகக் கலந்து அடைத்துத் தக்கை இடுவார்கள். தக்கைக்குள்ளும் அது சாவதில்லை. இருட்டில் படுத்தபடி மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஐயா தம் கையாலேயே வாங்கிவந்த மிகப் பழைய போத்தல் ஒன்றைத் திறந்தார்கள். சிசிலியா வழக்கம்போல அப்பிள், இரும்பு, கழுதை என்று சொல்லிக்கொண்டு வந்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"தைலம். நெஞ்சிலை பூசுற தைலம். சின்னப் பிள்ளைக்கு."

ஐயாவின் கை நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியது. அந்தச் சாறு ஆறிய இரவில் கடும் பனி பெய்து பாதை மூடியதால், அவர் அதை வடித்தவர்களின் வீட்டிலேயே தங்கவேண்டி வந்ததாம். அதை அவர் அன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. "அந்த வீட்டிலை ஒரு பெட்டைப் பிள்ளை இரா முழுக்க இருமிக்கொண்டு கிடந்தது," என்றார்.

"சுகமாகிட்டுதோ?"

இல்லை என்பதாக ஐயா தலையை அசைத்தார். சிசிலியா சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, கிண்ணத்தில் எஞ்சியதைக் கொண்டுபோய்ச் செடியின் அடியில் ஊற்றினார். அன்றிலிருந்து நிலவறைக்குள் இறங்குமுன் கதவைத் தட்டுவார். தட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்துத்தான் திறப்பார். ஆளில்லாத அறைக்கு எதற்காக இந்த மரியாதை என்று ஐயா கேட்டால், "உள்ளுக்கை சனம் கிடக்கிறமாதிரி இருக்கு ஐயா," என்பார். அங்கே சிலந்திவலைகளைத் துடைக்கக்கூடாது என்பது ஐயாவின் கட்டளை. பியர் வடிக்கும் அந்தப் பெல்ஜிய ஊரிலும் துடைப்பதில்லையாம். வலைகளுக்கு நடுவே, தலையைக் குனிந்து, நிமிர்ந்து பாராமல் கேட்ட போத்தலை எடுத்துக்கொண்டு அவர் ஏறிவந்துவிடுவார்.

சென்ற ஆகஸ்ட் மாதத்தில்தான் அது நடந்தது. இன்னும் கப்பலில் வேலைசெய்யும் செல்வராஜ் என்னும் பழைய கூட்டாளி, ஒரே கலவையில் அடைத்த இரண்டு போத்தல்களை ஐயாவுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவற்றுள் ஒன்றைத் திறந்து வார்த்தார்கள். சிசிலியா மோந்தார். மீண்டும் மோந்தார். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் ஒளித்துக்கொண்டார்.

"தக்கையிலை என்ன வருசம் கிடக்கு ஐயா?"

"தொண்ணூற்றி நாலு. ஏன்?"

"உள்ளுக்கை இருக்கிறது?"

"ஆகப் பழசுக்கு அப்ப மூண்டு வயசு. தொண்ணூறாம் ஆண்டு மாரிக்கு முந்தின சொட்டு ஒண்டும் இராது."

சிசிலியா விரல்மடித்து எண்ணினார். "அப்ப பெல்ஜியத்து மாரி ஒண்டிலை என்ர தம்பி உயிரோடை இருந்திருக்கிறான். இதுக்குள்ளை அவன்ரை மணம் கிடக்கு."

தம்பி றொய்ஸ்டன் பேசாலையில் படகு எஞ்சின்களைத் திருத்துபவர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் பதினொரு பேருடன் இராமேசுவரம் பக்கமாகப் படகேறினார். படகு அக்கரை சேரவுமில்லை, இக்கரை திரும்பவுமில்லை. உடலும் இல்லை, கடிதமும் இல்லை. எப்படியோ கரையேறி, ஏஜென்சிக்காரர் மூலம் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நேரில் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. கிண்ணத்திலிருந்து எழுந்தது என்ன மணம் என்று ஐயா மூன்று முறை கேட்டார். சிசிலியா சொல்லவில்லை. பற்றிக்குக்கும் சொல்லவில்லை. வாயால் பெயர் சொன்னால் அது கலைந்துவிடும் என்று பயந்தார்.

நவம்பர் இரண்டாம் நாள் மரித்த ஆத்துமாக்களின் திருநாள். ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தவர்களின் பெயர்களை எழுதி, உறையில் இட்டுக் கோவிலில் கொடுக்கும். அந்த மாதம் முழுவதும் அந்த உறைகள் பீடத்தின்மீது இருக்கும். ஏழு ஆண்டுகளாகச் சிசிலியா தம் தகப்பனார், தாயார், மாமி ஆகிய மூவரின் பெயர்களை எழுதுகிறார். தம்பியின் பெயரை எழுதியதில்லை. எழுதினால் தம் கையாலேயே அவரைக் கொன்றதாகிவிடும் என்பது அவருடைய எண்ணம்.

பற்றிக்கின் எண்ணம் வேறு. றொய்ஸ்டனுடன் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர் அவர். "ஏழு வருசமா ஒரு பூசையும் இல்லாமல் கிடக்கிறான்," என்றார் இந்த ஆண்டு, உறையை நீட்டியபடி. "கடலுக்குள்ளை கிடக்கிறவனுக்கு ஒரு செபமாவது வேண்டாமோ? நீ பியரை மோந்துபோட்டு உயிரோடை இருக்கிறான் எண்டுறாய்."

"இன்னொரு போத்தல் இருக்கு," என்றார் சிசிலியா. "அதுக்குள்ளையும் அவன் இருந்தால் எழுதமாட்டன். இல்லாட்டி எழுதுறன்."

"சத்தியமா?"

"ஓம்."

அந்த 1997ஆம் ஆண்டில் நவம்பர் இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாகவே வாய்த்தது. ஆறு மணிப் பூசைக்கு முன் உறையைக் கொடுக்கவேண்டும். மூன்று மணிக்குப் பற்றிக் அவரை ஐயாவின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். நீர் வற்றிய மனுகாவ் துறைமுகம் சன்னலுக்கு வெளியே சேறாகப் பளபளத்துக் கிடந்தது. சிசிலியா நிலவறைக் கதவைத் தட்டினார், பொறுத்தார், இறங்கிப் போத்தலை எடுத்துவந்தார். ஐயா தக்கையை இழுத்தபோது பெரிய ஓசை எழவில்லை; யாரோ தூக்கத்தில் பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. இரண்டு கிண்ணங்களிலும் வார்த்தார்.

"அப்பிள் தோல்," என்றார் சிசிலியா. "இரும்பு. கழுதை."

"வேறை?"

"பொறுங்கோ."

விரல் மாற்றி மாற்றி மோந்தார். உள்ளங்கையால் கிண்ணத்தின் வாயை மூடிச் சூடேற்றிவிட்டு மோந்தார். பாதிக்கு மேல் பருகிவிட்டார். சுவரின் மணிக்கூடு நான்கு அடித்து ஓய்ந்தது.

"வேறை ஒண்டும் இல்லை ஐயா."

சிசிலியா கைப்பையிலிருந்து உறையையும் தாளையும் எடுத்து மேசையில் வைத்தார். மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றின் கீழே வெறுமையாக இருந்த வரியில் பேனா முனையை வைத்தார். கை நகரவில்லை. மை ஒரு புள்ளியாக ஊறத் தொடங்கியது.

"பிள்ளை."

"ம்."

"குசினிக்குள்ளை ஆரும் நிக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. நாங்கள் ரெண்டுபேருந்தான்."

ஐயா தலையைச் சமையலறைப் பக்கமாகத் திருப்பியிருந்தார். கிண்ணம் மார்பருகே சாய்ந்து நின்றது. "இல்லை, ஆரோ மண்ணெண்ணெயிலை கை கழுவியிருக்கினம். கழுவிப்போட்டு, அந்த நாத்தம் போகத் தேசிக்காய் தேய்ச்சிருக்கினம். உமக்குத் தெரியேல்லையோ?"

சொல்லி முடித்தபின்னர்தான் தாம் என்ன சொன்னோம் என்பது ஐயாவுக்கு உறைத்தது. இடக்கை தானாக எழுந்து மூக்கைத் தொட்டது. "எனக்கு மணக்குது பிள்ளை," என்றார். "நாலு வருசத்துக்குப் பிறகு மணக்குது."

எஞ்சின் எண்ணெய் படிந்த கைகளுடன் சாப்பாட்டு மேசைக்கு வரக்கூடாது என்று அக்கா அதட்டுவதால், மாலைதோறும் றொய்ஸ்டன் வாசலிலேயே மண்ணெண்ணெயில் கை கழுவி, எலுமிச்சைப் பாதியால் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டு உள்ளே வருவார். ஆகஸ்டில் கிண்ணத்திலிருந்து எழுந்ததும், சிசிலியா எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததும் அந்த மணந்தான்.

சிசிலியா சமையலறைப் பக்கம் பார்க்கவில்லை. பேனாவை மூடினார். தாளை மடித்து உறைக்குள் இட்டு, பசை விளிம்பை நாவால் நனைத்து, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தி ஒட்டினார்.