தோல் குடோனில் ஃபங்க்

எங்கள் குழுவுக்கு இன்றுவரை பெயர் வைக்கவில்லை. பேச்சை எடுக்கும்போதெல்லாம் நாலு பேரும் நாலு பெயர் சொல்வோம். ஒருவர் சொன்னதை மற்ற மூவரும் சேர்ந்து கவிழ்த்துவிடுவோம். தலைவர் என்று யாரும் இல்லாத குழுவில் அப்படித்தான் நடக்கும். ஊர்க்காரர்கள்தான் ‘குடோன் கோஷ்டி’ என்றார்கள்.

குடோன் என்பது பேகம்பூர்ப் பக்கம் இருந்த பழைய தோல் குடோன். எங்கள் பாடகரின் குடும்பத்துக்குச் சொந்தமானது. அவரை எல்லாரும் பாய் என்போம். தோல் வியாபாரத்தை விட்டு அவர்கள் பிரியாணிக் கடைக்கு மாறிப் பல வருடம் ஆகியும், உப்பும் தோலும் கலந்த வாடை அந்தச் சுவர்களை விட்டுப் போகவில்லை. ஜன்னல் கிடையாது. பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மேலே இரண்டு வென்டிலேட்டர், முன்னால் ஒரு ஷட்டர், அவ்வளவுதான்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்பே கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாசிக்க ஆள் இல்லாமல் என் கையில் கொடுத்தார்கள். அதன்பிறகு யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

எல்லாம் தொடங்கியது ஒரு தேர்பவனியில். தேருக்குப் பின்னால் பேண்டு செட்டு போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு அண்ணன் சாக்ஸபோனில் மாதா பாட்டை வாசித்தார். பக்கத்தில் டிரம் அடித்த தம்பி வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்ப்பவன். திடீரென்று அவன் அடி மாறியது. அண்ணனும் திரும்பிப் பார்த்துவிட்டு அதற்குத் தகுந்த மாதிரி பாட்டைத் துண்டு துண்டாக உடைத்து வாசிக்க ஆரம்பித்தார். ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்த பெண்களின் நடையே மாறிவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பவனி முடிந்ததும் போய்க் கேட்டேன்.

“என்ன தம்பி அடிச்சீங்க?”

“ஃபங்க் அக்கா, அமெரிக்காக்காரங்க ஆட்டப்பாட்டு. மில் பஸ்ல போறப்ப வாரப்ப கேக்குறது. முதல் தட்டை மட்டும் அழுத்திப் பிடிச்சுக்கிறணும். மத்தபடி எங்கிட்டு வேணாலும் போய்ட்டு வரலாம். ஆனா பேஸ் இல்லாம இது நிக்காது.”

“நான் பேஸ் வாசிப்பேன்” என்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்புறம் என்ன டீச்சர், வாங்க” என்றார்.

பாய் பிறகு வந்தார். மீலாது மேடைகளில் பாடி வளர்ந்த குரல். இழுத்துப் பாடிக்கொண்டே போய், சரியாக முதல் தட்டில் வந்து விழுவார். பேண்டு செட்டும், கோயில் பாட்டும், பாயின் இழுப்பும் ஒன்றாகக் கொதித்தபோது என்ன வந்ததோ அதுதான் எங்கள் இசை. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அதில் என் வேலை எளிமையானது. நாலைந்து சுரங்களை விடாமல் சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். மற்றவர்கள் ஊர் சுற்றிவிட்டு வரும்வரை நான் வீட்டில் இருக்க வேண்டும்.

என் கணவரிடம் சொல்லித்தான் சேர்ந்தேன். அவர் நல்லவர். “தாராளமா போ. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். மாமனாரோடு ஒரே வீட்டில் இருந்தோம். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலே வீட்டில் மின்விசிறி ஓடும் சத்தம் பெரிதாகிவிடும். அப்பாவிடம் சொல்லியாயிற்றா என்று கணவரிடம் வாரா வாரம் கேட்பேன். “நேரம் பாத்துச் சொல்லணும்” என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் கிட்டாரோடு கிளம்பினால், கோயில் குழுவுக்குப் போகிறேன் என்று மாமனார் நினைத்துக்கொள்வார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

வத்தலக்குண்டில் ஒரு கல்யாண வரவேற்பில் முதல்முறை வாசித்தோம். கூட்டம் சினிமாப் பாட்டுக் கேட்டது. அதே பாட்டை எங்கள் தாளத்தில் போட்டோம். முதலில் முழித்தார்கள், பிறகு சமையல்காரர்கள் வரைக்கும் ஆடினார்கள். நான் டிரம்முக்குப் பின்னால், யார் போனிலும் விழாத இடமாகப் பார்த்து நின்றேன். அன்று முழுக்க எனக்குக் கழுத்து வலித்தது, கேமராக்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்பியதில்.

குடோனிலும் ஷட்டரைப் பாதி இறக்கித்தான் வைப்போம். சத்தம் ஒரு காரணம். இன்னொரு காரணம் நான். மூன்று ஆம்பளைகளோடு ஒரு டீச்சர் உட்கார்ந்திருப்பது தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்று பாய்தான் முதலில் இறக்கினார். நல்ல மனதோடு செய்தார். எனக்கு அது ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை அடைத்தது.

அந்த ஞாயிறு புழுதிக்காற்று. தம்பி ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டான். இரண்டு பாட்டு வாசித்திருப்போம், கரண்ட் போய்விட்டது. சரி, திறப்போம் என்று அவன் போய்த் தூக்கினான். உள்ளே ஸ்பிரிங் ‘டங்’ என்று அறுந்தது. ஷட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சட்டத்தில் சிக்கிக்கொண்டது. மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள். அசையவில்லை.

பாய் தன் கூடப்பிறந்த அண்ணனுக்குப் போன் செய்தார். கேஸ் கட்டர் வைத்திருக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். நான் ஒரு மூலைக்குப் போய்க் கணவரைக் கூப்பிட்டேன்.

“உள்ள மாட்டிக்கிட்டோம்ங்க. ஷட்டரை அறுக்கணுமாம். வாரீங்களா?”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “யாருக்கும் தெரியாம வெளிய வர முடியுமா பாரு.”

“ஷட்டரை அறுக்கப் போறாங்கங்க. எப்படித் தெரியாம வர்றது?”

“அப்பா ஹால்ல இருக்காரு. நான் அப்புறம் கூப்பிடுறேன்.”

போனை வைத்துவிட்டார். ஷட்டருக்கு உள்ளே இருந்ததைவிட அந்தப் பதிலுக்கு உள்ளேதான் நான் அதிகம் மாட்டிக்கொண்டேன். வியர்வையில் சேலை உடம்போடு ஒட்டியது. பழைய தோல் வாடை தொண்டையில் இறங்கியது. தம்பிக்கு அடைத்த இடம் ஆகாது என்று அன்றுதான் தெரிந்தது. “மூச்சு முட்டுதுண்ணே” என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஏலே, இங்க பாருலே. குச்சிய எடு” என்றார் அண்ணன். “எனக்குத் தாளம் போடு. வேற ஒண்ணும் நினைக்காத.”

அவர் சாக்ஸபோனை எடுத்தார். தம்பி முதலில் தப்புத் தப்பாக அடித்தான். பிறகு முதல் தட்டு பிடிபட்டது. பாய் கைதட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார். அவர்களுக்கெல்லாம் கரண்ட் தேவையில்லை. எனக்குத் தேவை. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி இல்லாமல் பேஸ் கிட்டாரில் கம்பி உரசும் சத்தம்தான் வரும். நான் கிட்டாரின் மரத்தில் தாடையை அழுத்திக்கொண்டு வாசித்தேன். அப்போது சுரம் எலும்பு வழியாகத் தலைக்குள் கேட்கும். எனக்கு மட்டும் கேட்கும். அழுதுகொண்டே வாசித்தேன் என்பதை இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. மூடிய ஷட்டருக்குள்ளிருந்து சாக்ஸபோன் கேட்டால் யார்தான் நிற்க மாட்டார்கள்? கட்டர் வந்தது. தீப்பொறி உள்ளே தெறித்தது. ஒரு ஆள் குனிந்து வருகிற அளவுக்குத் தகடு விலகியதும் வெளியே பாயின் அண்ணன் குரல் கேட்டது. “பொம்பளப்பிள்ளைய முதல்ல விடுங்கப்பா!”

அப்படித்தான் முதல் ஆளாக நான் வெளியே வந்தேன், கழுத்தில் கிட்டாரோடு, தலையெல்லாம் தூசியோடு. கண் கூசியது. எதிரே எல்லாம் போன்கள். போன்களுக்குப் பின்னால், தெரு ஓரத்தில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் பைக்கில் உட்கார்ந்திருந்தார். சட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அது என் கணவர். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவரைப்போல இருந்தார். நான் அவரைப் பார்த்தது தெரிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு முன்னால் வீடியோ வந்து சேர்ந்திருந்தது. மாமனார் தன் போனை என் முன்னால் நீட்டினார்.

“இது நீதானம்மா?”

“ஆமா மாமா.”

“எம்புட்டு நாளா?”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். மாமனார் அவரைப் பார்த்தார். மகனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது மாமனாருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: “போகக்கூடாதுன்னு சொல்லல. இனிமே போனா நானும் வாரேன். ஊருக்கு வெளிய எங்கயும் போறது வேண்டாம்.”

பள்ளியிலும் கூப்பிட்டுக் கேட்டார்கள். விளக்கம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனால், பின் பெஞ்சில் மேசையைத் தட்டும் சத்தம். எங்கள் தாளம்தான். திட்ட மனம் வரவில்லை.

வீடியோ எங்கெங்கோ போனது. மதுரையிலிருந்து ஒரு கல்லூரி கூப்பிட்டது, பிறகு கோயம்புத்தூர். எல்லாரும் கேட்டது, “அந்த ஷட்டர்லருந்து வந்த டீச்சர் இருக்காங்களா?” என்றுதான். அந்த டீச்சருக்குத்தான் ஊரைத் தாண்ட அனுமதி இல்லை. பாய் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். மாமனார் அவருக்குக் காபி கொடுத்து, பிரியாணிக் கடை எப்படிப் போகிறது என்று விசாரித்து அனுப்பிவிட்டார். கணவர் அன்று அறையைவிட்டு வெளியே வரவில்லை. “ஹெல்மெட்டைக் கழட்டியிருக்கலாம்ங்க” என்று ஒரே ஒருமுறை அவரிடம் சொன்னேன். “தெரியும்” என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்போது குடோனுக்குப் புது ஷட்டர். முழுக்கத் திறந்தே இருக்கிறது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாமனார் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார். அவர் இருப்பதால் அண்ணன் கெட்ட வார்த்தை பேசுவதில்லை, தம்பி சிகரெட் பிடிப்பதில்லை. முன்பு பாட்டுக்கு நடுவில் ஒருவரை ஒருவர் திட்டி, சிரித்து, அதிலிருந்தே ஒரு புதுத் துணுக்கு பிறக்கும். இப்போது எல்லாரும் ஒழுங்காக வாசிக்கிறோம். சுவரில்லாத பக்கத்திலும் ஒரு சுவர் இருக்கிற மாதிரி இருக்கிறது.

வெளியூர் நிகழ்ச்சிகளுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு பேஸ் வாசிப்பவர் வருகிறார். நான் வாசிப்பதைப் பதிவுசெய்து அவருக்கு அனுப்புகிறோம். போன மாதம் அவர்கள் கோயம்புத்தூரில் வாசித்ததை, விடைத்தாள் திருத்திக்கொண்டே போனில் பார்த்தேன். மேடை முழுக்க வெளிச்சம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறார். அந்த மனிதர் என்னுடைய நாலைந்து சுரங்களையே சுற்றிச் சுற்றி வாசித்தார். ஒரு இடத்தில் மட்டும், திரும்புகிற முனையில், கூடுதலாக ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு வந்தார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பொறாமையாக இருந்தது. ஆனால் நன்றாக இருந்தது, என்னுடையதைவிட.

அடுத்த ஞாயிறு அந்த இடம் வந்தபோது நானும் அந்தச் சுரத்தைத் தொட்டேன். தம்பி தலையை நிமிர்த்தினான்.

திரும்பி வரும்போது மாமனார் நான் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னால், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கூண்டு தாண்டியதும் கேட்டார்.

“இன்னைக்கு ஒரு எடத்துல வேற மாதிரி வாசிச்சியோ?”

“ஆமா மாமா.”

“ம்” என்றார். அப்புறம், “கோயம்புத்தூர்க்காரங்க மறுபடி கூப்பிட்டாங்களா?”

“அடுத்த மாசம் கூப்பிட்டிருக்காங்க.”

அவர் மடியிலிருந்த கிட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போகலாமா என்று நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் வண்டி ஊர்ந்து போனது.