வேறு தராசில் பார்த்த எண்

என் சம்பந்திக்குத் தராசு ரிப்பேர்தான் தொழில். மனிதர் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். போன வருடம் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று அவருக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அந்த எண் ஏறினால் நோய் திரும்புகிறதோ என்று பார்ப்பார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் எடுத்தபோது 0.4.

எங்களுக்குப் பேத்தி பிறந்து இருபத்து மூன்று நாள். என் மகளுக்கும் அவர் மகனுக்கும் பிறந்த தங்கம். மூக்கு அப்படியே என் மூக்கு. தினமும் வந்து குழந்தையின் எடையை விசாரித்த சம்பந்தி, திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். நானே என் வேனை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். துடைத்த தராசையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தி, பேத்திக்கு என் மூக்குன்னு கோவமா?"

சட்டைப்பையிலிருந்து நைந்துபோன தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். 0.7.

"ஏறிடுச்சு சம்பந்தி. அவளுக்கு எடை ஏறணும், எனக்கு இது இறங்கணும். இப்ப ரெண்டும் ஏறுது. அவ முகத்தைப் பாத்தா அழுதுடுவேன். அதான் வரல."

"வீட்ல சொன்னீங்களா?"

"மூச்சு விடல. நீங்களும் விடாதீங்க."

டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருந்தது. எனக்கும் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூன்று தடவை வேனை நிறுத்தச் சொன்னார். இரண்டு தடவை ஒன்றுக்கு. மூன்றாவது தடவை இறங்கிச் சும்மா நின்றுவிட்டு ஏறினார்.

டாக்டரம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது எங்க எடுத்தீங்க?"

"கடைக்குப் பக்கத்து லேப்லம்மா. இங்க வர்ற வரைக்கும் மனசு பொறுக்கல."

"அங்க மெஷின் வேற, இங்க மெஷின் வேற. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஏறிச்சுன்னு சொல்ல முடியாதுங்க. நிஜமாவே கொஞ்சம் ஏறினாலும், ரேடியேஷனுக்கு அப்புறம் சில பேருக்கு ஏறித் தானா இறங்கும். முதல்ல இங்கயே எடுங்க, பாக்கலாம்."

எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. 'வேறு தராசில் நிறுத்துவிட்டு இங்கே சண்டைக்கு வராதீர்கள்' என்று சம்பந்தி கடை வாசலில் ஒரு போர்டு தொங்குகிறது. அவரே எழுதியது.

"சம்பந்தி, உங்க கடை போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"வாயை மூடுங்க சம்பந்தி."

அங்கேயே ரத்தம் எடுத்தார்கள்; மறுநாள் மதியம்தான் முடிவு தருவார்கள். மறுநாள் காலையிலேயே வந்து அவர் ஆஸ்பத்திரி வராந்தாவை நடந்தே தேய்த்தார். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போக மறுத்து என்னைத் தள்ளிவிட்டார். 0.4. பழைய எண்ணேதான். தாளை என் கையிலிருந்து பிடுங்கி நான்கு தடவை படித்தார்.

கடையில் ஒரு தராசை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். துண்டை விரித்துப் பேத்தியைப் படுக்க வைத்தார். அவள் உதைத்த உதையில் எண் தாறுமாறாகக் குதித்தது. "கொஞ்சம் ஆடாம இரும்மா," என்று கெஞ்சினார். ஒருவழியாக 4.1 கிலோ என்று நின்றது.

"நேத்து கிளினிக்ல பாப்பா நாலு கிலோன்னுதானே சொன்னாங்க?" என்றேன்.

"வேற தராசுப் பேச்சு வேண்டாம் சம்பந்தி!"

பேத்தியை மடியில் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில், "அடுத்த டெஸ்ட் எந்தத் தேதின்னாங்க?" என்று கேட்டார். கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. அந்த ஆட்டத்திலேயே அவள் தூங்கிவிட்டாள்.