சோர்பியர் ஊருக்கு நாங்கள் கொண்டுபோன பொதி

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், பவுட்சன் நகரைச் சுற்றிய ஊர்களில், சோர்பியர் என்ற சிறுபான்மை மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த மொழியும் சொந்த உடுப்பும் உண்டு. ஒரு பகுதியினர் எங்களைப் போலக் கத்தோலிக்கர். ஈஸ்டர் ஞாயிறன்று அந்த ஊர் ஆண்கள் குதிரையேறிப் பாடிக்கொண்டு போவதைப் பார்க்கப் போகலாமா என்று சிலர் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகப் போகலாம். நானும் என் கணவர் அருளும் 1996 ஈஸ்டருக்குப் போனோம். ஆனால் நாங்கள் போன மனநிலையில் யாரும் போக வேண்டாம்.

அப்போது கெல்சென்கிர்ச்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. கூட வேலை செய்த ஹங்கா சோர்பியப் பெண். கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுந்த பிறகு மேற்கே வந்தவள். தனக்கு லீவு கிடைக்கவில்லை, நீங்களாவது எங்கள் வீட்டில் போய் இரண்டு நாள் நில்லுங்கள் என்றாள். புறப்படுவதற்கு முதல் நாள் தலையணை அளவில் ஒரு பொதியைக் கொண்டுவந்தாள். சுற்றிலும் பழுப்பு நிற டேப். அம்மாவின் கையில் மட்டும் கொடு, தம்பியிடம் கொடுக்காதே என்றாள்.

"உள்ளுக்கு என்ன எண்டு கேட்டனீரோ?" என்றார் அருள்.

"கேட்டனான். உடுப்பாம்."

"உடுப்பெண்டால் தபாலில போடலாம்தானே. ஏன் எங்களிட்டைத் தந்தவள்?"

அகதிகளாக வந்த எங்களுக்கு விசா கையில் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு அனுமதி இல்லாமல் எங்கள் மாவட்டத்தைத் தாண்டவே ஏலாது. பொதிக்குள் ஏதும் கூடாதது இருந்து பொலிஸ் மறித்தால் எல்லாம் போய்விடும்.

ஈஸ்டருக்கு முதல் நாளான பெரிய சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். அறுநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல்; ஒரு வழிக்குப் பெற்றோல் எழுபது மார்க் அளவில் முடிந்தது. அந்த நாளில் கிழக்குப் பக்கம் போகாதே, மொட்டைத்தலைக் கூட்டம் வெளிநாட்டவரை அடிக்கும் என்று சொல்லாத தமிழர் கிடையாது. டிரெஸ்டனுக்கு முன்னால் ஒரு பெற்றோல் நிலையத்தில் மூன்று மொட்டைத்தலைப் பெடியள் எங்கள் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அருள் பொதியைக் காரின் பின்பெட்டியிலிருந்து எடுத்து என் காலடியில் வைத்தார். பத்து நிமிஷம் ஓடிய பிறகு நிறுத்தித் திரும்பவும் பின்பெட்டியில் வைத்தார். வைக்கும்போது அதை ஒருமுறை குலுக்கினார்.

"நடுவில காசு மாதிரிக் கிலுங்குது," என்றார்.

பவுட்சனைத் தாண்டியதும் ஊர்ப்பெயர்ப் பலகைகள் இரண்டு மொழியில் வரும். சந்திக்குச் சந்தி பெரிய சிலுவைகள். மேடும் பள்ளமுமான பச்சை நிலம், தெற்கே நீலமாக மலைகள். நல்ல இடம்தான். நான் பார்த்ததோ அசைகிற ஜன்னல் திரைகளை. ஹங்காவின் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் ஒரு முதியவர் காரைச் சுற்றிவந்து நம்பர் பிளேட்டை வாசித்துவிட்டுப் போனார்.

வீட்டிலிருந்து வந்தவன் ஹங்காவின் தம்பி யூரி. அவனுக்கும் மொட்டைத்தலை, கனத்த சப்பாத்து.

"கதவைத் திறவாதையும்," என்றார் அருள் மெதுவாக.

யூரி என் பக்க ஜன்னலில் குனிந்து ஜெர்மனில் கேட்டான்: "ஹங்கா ஏதும் தந்துவிட்டவளா? இருந்தால் என்னிட்டைத் தாங்கோ."

"ஒண்டும் தரேல்லை," என்றேன். அவன் நம்பவில்லை. பின்பெட்டியைப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

தாய்க்கு அறுபது வயது இருக்கும். கணுக்கால்வரை கறுப்புப் பாவாடை, வாய் நிறையச் சிரிப்பு. கோப்பியும் கேக்கும் வைத்தார். நான் இரண்டாவது வாய் எடுக்கும்போது ஜன்னல் வழியே பார்த்தேன்: யூரி எங்கள் காரின் பின்பெட்டியைத் திறந்து பார்க்க முயன்றுகொண்டிருந்தான். பூட்டியிருந்தது.

அருள் எழும்பினார். நான் அவருடைய கையைப் பிடித்துக் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு வெளியே போனேன். பொதி எங்களிடம் இருக்கும்வரைதான் ஆபத்து என்று பட்டது. யூரி ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தான். நான் நிற்காமல் போய்த் தாயின் மடியில் பொதியை வைத்தேன்.

அவர் கேக் வெட்டிய கத்தியாலேயே டேப்பை அறுத்தார். உள்ளே பூவேலை செய்த வெள்ளைத் துணி, பச்சைப் பட்டு, வெள்ளிக் காசுகள் கோத்த மாலை. உடுப்புத்தான். அவர் எதையும் விரிக்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். பிறகு பொதியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

முற்றத்தில் வைத்து யூரிதான் விளக்கினான். அது கலியாணச் சடங்குகளில் உடுக்கிற உடுப்பு. மேற்கே போகும்போது ஹங்கா கொண்டுபோனாள். அது அவளிடம் இருக்கும்வரை என்றைக்கோ ஒருநாள் அதை உடுத்திக்கொண்டு ஊர்க் கோயிலில் நிற்பாள் என்று தாய் நம்பிக்கொண்டிருந்தார்.

"இனி வரமாட்டன், உடுப்பை உங்களிட்டைத் தந்து அனுப்புறன் எண்டு வியாழக்கிழமை எனக்கு ஃபோனில சொன்னவள். ஈஸ்டர் முடியட்டும், ரெண்டு நாள் பொறு எண்டு கெஞ்சினனான். நீங்களாவது அதைக் காரிலயே விட்டிருக்கலாம்."

அருள்தான், "நாங்கள் உன்னைக் கள்ளன் எண்டு நினைச்சம்," என்றார்.

"ஊர்ச்சனம் உங்களைப் பற்றியும் அப்படித்தான் கேட்டது," என்றான் யூரி. பிறகு குதிரைக்குத் தண்ணீர் வைக்கப் போனான்.

ஞாயிறன்று சவாரியைப் பார்த்தோம். கறுப்பு உடுப்பு, உயரத் தொப்பி, வெள்ளைச் சோழி பதித்த சேணம், வாலில் ரிப்பன். யூரியை அந்தத் தொப்பியில் அடையாளம் காணவே எனக்கு நேரம் எடுத்தது. அருள் பாதிச் சவாரிவரை காருக்குப் பக்கத்திலேயே நின்றார். பழக்கம் லேசில் விடாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கார் கட்டாயம் வேண்டும். பண்டிகை நாளில் பஸ்ஸை நம்ப ஏலாது. தங்கும் வீட்டை மாதக்கணக்கில் முன்பே பேசிவையுங்கள். சவாரி பகல் நேரத்தில்தான். காலையிலேயே போய்க் கோயில் வாசலருகே இடம் பிடியுங்கள். குதிரைக்கு முன்னால் போய்ப் படம் எடுக்காதீர்கள், அது அவர்களுக்குச் செபம். யாராவது பொதி தந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு, ஏன் அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள்.

திங்கள் காலை நாங்கள் வெளிக்கிட்டபோது தாய் வாசலில் என்னை மறித்தார். ஹங்கா அங்கே தங்கள் பாஷையில் ஏதாவது பேசுகிறாளா என்று கேட்டார். பேச ஆள் இல்லை, ஆனால் மருந்துக் குளிசை எண்ணும்போது எனக்கு விளங்காத பாஷையில் வாய்க்குள் எண்ணுவாள் என்றேன். எண்ணிக்காட்டச் சொன்னார். எனக்கு மூன்றுவரைதான் ஞாபகம் இருந்தது, அதுவும் பிழை. அவர் திருத்தினார். என் கையைப் பிடித்தபடியே மிச்சத்தையும் சொல்லித் தந்து, பத்துவரை சரியாக வந்த பிறகுதான் விட்டார். மகளுக்கென்று வேறொன்றும் சொல்லி அனுப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை மருந்து அறையில் ஹங்கா, "அம்மா என்ன சொன்னவா?" என்று கேட்டாள். நான் அவர்கள் பாஷையில் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். ஆறில் அவளும் சேர்ந்துகொண்டாள்.