குறைப் பெட்டியில் ஒரு வெட்டுக்காசு

குஞ்சம்மாளுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் அந்த வட்டாரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ரயிலில் ஒருநாளும் ஏறியதில்லை, ஆனால் ரயிலைப் பற்றிக் கேட்டால், "நமக்கு வேணுங்கற எடத்துல நிக்காத வண்டி என்ன வண்டி?" என்பாள். சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடச் சட்டம் வந்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று பேசியது. குஞ்சம்மாள் எந்தப் பக்கமும் சேரவில்லை. "கடையெ மூடுனது நல்லதுதான் சாமி. ஆனா பொழுது சாஞ்சா ஆம்பளைங்க எங்க போறதுன்னு சட்டத்துல ஒரு வரி எழுதியிருக்கலாமில்ல? எங்கூட்டு மனுசன் இப்ப அடுப்படியிலயே ஒக்காந்துக்கிட்டுக் கொழம்புல உப்புப் பாக்கறாரு" என்றாள். அவள் புருஷன் சடையன் அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

அவள் வேலை பார்த்தது சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே கந்தப்பன் போட்டிருந்த பருத்தி அரைவை மில்லில். எண்ணெய் எஞ்சின் ஒன்று, அது சுழற்றும் நீளமான பட்டை ஒன்று, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் எந்திரங்கள் பத்து, அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பருத்தியை அள்ளி ஊட்டுகிற பெண்கள் முப்பத்தைந்து பேர். எஞ்சினைப் பற்றியும் குஞ்சம்மாள் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். "அதுக்குப் பசிக்கறதில்ல. பசிக்காததுக்கு எப்ப நிறுத்தோணும்னு எப்படித் தெரியும்?"

கந்தப்பன் கெட்டவர் அல்ல. நாற்பது ஏக்கர் பூமி, மூன்று கிணறு, நெற்றி நிறையத் திருநீறு. முப்பத்தைந்து வீட்டு அடுப்பு தம்மால்தான் எரிகிறது என்று மனதார நம்பினார். அந்த அடுப்புகள் மில் வருவதற்கு முன்பும் எரிந்துகொண்டிருந்தன என்பது அவருக்கு நினைவு இல்லை, அவ்வளவுதான்.

மில்லின் கிழக்குச் சுவரில், நான்காம் எந்திரத்துக்கு நேர் மேலே ஒரு சன்னல் இருந்தது. காற்றடித்தால் அதன் வழியாகப் பஞ்சு பறந்து போகிறது என்று கந்தப்பன் கணக்குப்பிள்ளை சின்னண்ணனை விட்டு அதைப் பலகை வைத்து அடித்து மூடிவிட்டார். அன்று முதல் வெளியே பறக்க வேண்டிய பஞ்செல்லாம் உள்ளேயே பறந்தது. நான்காம் எந்திரத்தில் உட்கார்ந்திருந்தவள் குஞ்சம்மாளின் ஒரே மகள் பொன்னாயி. பதினெட்டு வயசு. ஆடி மாதத்தில் இருமல் பிடித்தது. புரட்டாசி வந்தும் விடவில்லை. குஞ்சம்மாள் அவளைத் திருச்செங்கோட்டுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போய்த் தர்மாஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டர் குழாயை மார்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கச் சொல்லும்மா. இப்படியே பஞ்சுத் தூசியில கெடந்தா நெஞ்சு போயிரும்" என்றார். காற்றோட்டத்தை எந்தச் சீசாவில் தருவார்கள் என்று குஞ்சம்மாள் கேட்கவில்லை. ரயிலுக்கும் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் வாய் வைத்திருந்தவளுக்கு அன்று திரும்பி வரும் வழி முழுக்க ஒரு வார்த்தை வரவில்லை. மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் சின்னண்ணனிடம் கேட்டாள். "ஏனுங்க, அந்தப் பலகையெ எடுத்துப்போட்டா என்னங்க? புள்ள மூச்சு வாங்குதுங்க."

"சன்னல் மூடியிருக்கறது புடிக்கலீன்னா, வாசக் கேட்டு தெறந்துதான் கெடக்குது அம்மிணி" என்றான் சின்னண்ணன்.

பலகை எடுக்கப்படும் நாளும் வருஷத்தில் இல்லாமலில்லை. சர்க்காரிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிற நாள். முந்தின நாளே தபால் வந்துவிடும். சின்னண்ணன் ஆணிகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். இன்ஸ்பெக்டர் சன்னல் வழியே சங்ககிரி மலையைப் பார்த்து, காற்று வசதி உண்டு என்று எழுதிக்கொள்வார். பொழுது சாய்வதற்குள் அதே ஆணி, அதே ஓட்டையில் ஏறிவிடும்.

அந்த வருஷம் வந்த இன்ஸ்பெக்டர் புதியவர், இளவயசு. தொழிலாளர் தங்கள் குறைகளைப் பயமில்லாமல் தெரிவிக்கப் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வேண்டும் என்றார். கந்தப்பன் உடனே சம்மதித்தார். முப்பத்தைந்து பேரில் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது.

பெட்டி செய்யும் வேலை தச்சர் ராசப்பனுக்கு வந்தது. பூட்டும், மேலே நீளமாக ஒரு துளையும் உள்ள பெட்டி என்றால் ராசப்பன் வாழ்நாளில் செய்தது ஒன்றே ஒன்றுதான்: கோவில் உண்டியல். அதையே செய்தார். நாலு மூலையிலும் தாமரை மொட்டு, முகப்பில் மூன்று திருநீற்றுப் பட்டை, உடம்பெல்லாம் காவி. கிழக்குச் சுவரோரம் அதை வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு கற்பூரமும் கொளுத்திவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக்குள் பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் ஏறிவிட்டன. வேலைக்கு வருகிற பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

குஞ்சம்மாள் மட்டும் விசாரிக்காமல் எதையும் கும்பிடுகிறவள் அல்ல. "இதுல என்னத்தெப் போடறதுங்க?" என்று சின்னண்ணனைக் கேட்டாள்.

"உங்க கொறையெப் போடறது. மொதலாளி தெறந்து பாப்பாங்க."

"வாயால சொன்னா ஆவாதுங்களா?"

"வாயால சொல்லப்படாது. போடத்தான் வேணும். பேரும் சொல்ல வேண்டீதில்ல."

இதைக் கேட்டதும் குஞ்சம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயால் சொல்லாமல், பேரும் சொல்லாமல், பெட்டியில் போடுகிற குறை என்பது அந்தச் சீமையில் புதிதல்ல. தனக்கு அநியாயம் நடந்து, கேட்க நாதி இல்லாதபோது, ஒரு காசை இரண்டாக வெட்டி ஒரு பாதியைச் சாமி உண்டியலில் போட்டுவிட்டு மறு பாதியை வைத்துக்கொள்வார்கள். அதோடு வழக்கு சாமியிடம் போய்விடும். வெட்டியவர் வாய் திறக்கக் கூடாது. வழக்கு தீர்ந்தால் வெட்டியவரே வந்து தம் பாதியைச் சேர்த்துப் போட்டு முடித்துக்கொள்ள வேண்டும். அதுவரை எதிராளி கையால் ஒருவரும் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் சாபத்தில் அவருக்கும் பங்கு. சர்க்கார் இதையெல்லாம் தெரிந்துகொண்டு முறையாகச் செய்திருக்கிறதே என்று குஞ்சம்மாளுக்கு முதல்முறையாக சர்க்கார் மேல் மரியாதை உண்டாயிற்று. ராசப்பனிடம் உளி வாங்கி ஒரு காலணாவை வெட்டினாள். ஒரு பாதியைப் பெட்டியில் போட்டாள். மறு பாதி அவள் இடுப்புச் சுருக்குப்பைக்குள் போயிற்று.

மாசக் கடைசியில் கந்தப்பன் பெட்டியைத் திறந்தார். கல்யாணம் ஆக வேண்டி மஞ்சள் துணியில் முடிந்த காசு, கொஞ்சம் விபூதி, ஒரு எலுமிச்சம்பழம். சிரித்துக்கொண்டே துழாவியவரின் விரலில் அந்தப் பாதிக் காசு தட்டுப்பட்டது. வெட்டு வாய் இன்னும் பளபளவென்று இருந்தது. கந்தப்பனுக்கு வேர்த்துவிட்டது. சர்க்கார் கடிதங்கள் எத்தனையோ அவர் மேஜையில் தூங்கின. ஒன்றும் அவர் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இது கெடுத்தது.

"ஏன்டா சின்னண்ணா, இது மில்லுப் பெட்டிதானே? சாமி பெட்டி இல்லியே?"

"மில்லுப் பெட்டிதானுங்க" என்றான் சின்னண்ணன். சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

யார் வெட்டியது என்று கண்டுபிடிக்கக் கந்தப்பன் ஒரு யுக்தி செய்தார். சனிக்கிழமை மோர்ப்பானையை முன்னால் வைத்து உட்கார்ந்து, எல்லோருக்கும் தம் கையாலேயே மோர் ஊற்றித் தருவதாகச் சொன்னார். வெட்டியவள் எவளோ அவள் வாங்க மாட்டாள். திட்டம் சரியானதுதான். ஆனால் காசு வெட்டுப்பட்ட சேதி அதற்குள் முப்பத்தைந்து வீட்டுக்கும் போயிருந்தது. முதலில் நின்றவள் கையை நீட்டவில்லை. இரண்டாமவளும் நீட்டவில்லை. வரிசை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒருத்திக்கும் குஞ்சம்மாளுக்கு ஆதரவாக நிற்கும் எண்ணம் இல்லை. அவள்தான் என்றே அவர்களுக்குத் தெரியாது. மற்றவர் சாபத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிற பயம், அவ்வளவே. சின்னண்ணனைக் கூப்பிட்டார், அவனுக்கு அன்றைக்குப் பார்த்துச் சளி. வீட்டுக்குப் போனால் மனைவி சௌந்திரமும் சோற்றைப் போட்டுத் தட்டை எட்ட வைத்துவிட்டு, அவர் கை படாமல் விலகிக்கொண்டாள்.

இந்தச் சேதி சேலம் போய்ச் சேர்வதற்குள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. அங்கிருந்து தொழிற்சங்கப் பிரசங்கி ஒருவர் வந்து, புளியமரத்தடியில் நின்று, முதலாளியின் மோரை மறுத்த வீரத் தாய்மார்களின் ஒற்றுமையை ஒன்றரை மணி நேரம் புகழ்ந்தார். தாய்மார்கள் மரியாதையாகக் கேட்டார்கள். "நல்லாப் பேசறாரு. தொண்டெ காஞ்சு போச்சு பாவம், யாராச்சும் மோர் குடுங்க" என்றாள் குஞ்சம்மாள்.

கந்தப்பனின் கஷ்டம் வேறு. காசு வாய் திறக்காது. மனு என்றால் அதில் ஒரு குறை எழுதியிருக்கும். அதைத் தீர்க்கலாம், அல்லது தீர்த்ததாகச் சொல்லலாம். வெட்டிய காசில் என்ன எழுதியிருக்கிறது? ஆகவே தாம் செய்த தப்புகளை அவரே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ஐப்பசியில் பருத்தி நிறுக்கும் தராசைச் சரி செய்தார். கார்த்திகையில் அரை நாள் கூலி பிடிக்கும் வழக்கத்தை விட்டார். மார்கழியில் பெண்கள் ஒதுங்கத் தென்னங்கீற்றில் ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தார். தினமும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி, அவர் கையால் வேண்டாம், தட்டிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ளும்படி. ஒவ்வொன்றும் செய்துவிட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் பெட்டியைத் திறந்து பார்த்தார். மறு பாதி வரவில்லை.

ஊரில் எல்லோருடைய குறையும் தீர்ந்துகொண்டு வந்தது, குஞ்சம்மாளுடையதைத் தவிர. வாயைத் திறந்து, 'அட பாவி மனுசா, தலைக்கு மேல பாரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வழக்கு கெட்டுவிடும். பொன்னாயியோ ராத்திரியில் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். காசைத் தப்பான பெட்டியில் போட்டுவிட்டோமோ என்று குஞ்சம்மாள் அழுதது சடையனுக்கு மட்டும் தெரியும். சடையன் உப்புப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மகளுக்குச் சுக்குத் தட்டிப் போட்டுக் கொடுத்தான்.

மாசியில் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தபால் வந்தது. பலகை வழக்கம்போல இறங்கியது. இன்ஸ்பெக்டர் மலையைப் பார்த்தார். அவர் போனபின் சாயங்காலம் சின்னண்ணன் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாயில் இரண்டு ஆணியும் கையில் சுத்தியலுமாக வந்து நான்காம் எந்திரத்துப் பக்கம் முக்காலி போட்டு ஏறினான்.

எஞ்சின் நின்றிருந்தது. பெண்கள் புடவையில் பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். குஞ்சம்மாள் தட்டவில்லை. சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயை இறுக மூடியிருந்தாள். கண்ணை மூட வேண்டும் என்று யாரும் விதி சொல்லவில்லை. அவள் பார்ப்பதைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். பொன்னாயி இருமினாள். அந்த அமைதியில் அந்த இருமல் நீளமாகக் கேட்டது.

வாசலில் நின்ற கந்தப்பன் முப்பத்தைந்து முகங்களையும் பார்த்தார். பிறகு அந்தப் பெண் இருமி முடிக்கும் வரைக்கும் அவளைப் பார்த்தார்.

"பொறு" என்றார். "இதுவா இருக்குமோ?"

சின்னண்ணன் வாயிலிருந்த ஆணியோடு என்னவோ சொன்னான். ஒன்றும் புரியவில்லை.

"எறங்கு. பலகையெ எடுத்துக்கிட்டுப் போயி அடுப்புல வையி."

இன்ஸ்பெக்டரின் அறிக்கை அடுத்த மாதம் வந்தது. குறைப் பெட்டியில் எழுத்து மூலமான மனு ஒன்றுகூட இல்லாதபடியால், இந்த மில்லில் தொழிலாளருக்குக் குறையே இல்லை என்று தெரிவதாகவும், மற்ற மில்காரர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்றும் அதில் கண்டிருந்தது.

பொன்னாயியின் இருமல் சித்திரையில் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, ஆனால் படுத்துத் தூங்கினாள். பெண்கள் பெட்டிக்குப் பொங்கல் வைத்தார்கள். சாமியின் சக்தியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். குஞ்சம்மாளும் பேசினாள், காசு வெட்டியது தான் என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டு.

மறு பாதிக் காசை மட்டும் அவள் கொண்டுபோய்ப் போடவில்லை. முறைப்படி போட்டிருக்க வேண்டும். பலமுறை பெட்டி வரை போனாள். போய் நின்று சன்னலை அண்ணாந்து பார்ப்பாள். மறுபடி பலகை அடிக்க ஆணிக்கு மில்லில் என்ன பஞ்சம் என்று தோன்றும், திரும்பிவிடுவாள். கந்தப்பனும் வெள்ளிக்கிழமை தவறாமல் பெட்டியைத் திறந்துகொண்டே இருந்தார். வழக்கு தீராத பயத்தில் இரண்டாம் சன்னல் வைத்தார். கரண்டு வந்த வருஷம் தூசியை வெளியே தள்ளும் காற்றாடி ஒன்றும் வாங்கிப் போட்டார். அதைப் பற்றிக் குஞ்சம்மாள், "காத்தெ உள்ள விடாம அடைச்சு வெச்சுப்போட்டு, அப்பறம் வெளிய தள்ளறதுக்கு ஒரு மிசினு" என்றாள்.

பத்தாம் வருஷம் அவள் காலமானாள். கருமாதி முடிந்து பொன்னாயி வேலைக்கு வந்த வெள்ளிக்கிழமை, தலை நரைத்துப்போன கந்தப்பன் பெட்டியண்டை நின்றிருந்தார். உள்ளங்கையில் அந்தப் பாதிக் காசு இருந்தது. கறுத்துப்போயிருந்தது.

"உங்காத்தா ஊருல இருக்கறது எல்லாத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லும். இந்தக் காசு யாருதுன்னு எதாச்சும் சொல்லிச்சா கண்ணு?"

பொன்னாயி அவரைப் பார்த்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"அதப்பத்தி மட்டும் ஆத்தா ஒண்ணுமே சொன்னதில்லீங்க" என்றாள்.

பிறகு அம்மாவின் சுருக்குப்பையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் உள்ளே செருகிக்கொண்டு நான்காம் எந்திரத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சன்னல் திறந்திருந்தது.